ஓர் இலையை மட்டும் கொண்டு வராதீர்கள்

போன கிழமை காலையில் ஓர் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்தில் புன்னாலைக்கட்டுவன் பக்கம் இரண்டு பரப்பு நிலத்தில் மிளகாய் வைத்திருக்கிறார். சேட்டுப் பொக்கற்றிலிருந்து ஒரேயோர் இலையை எடுத்து மேசையில் வைத்தார். சுருண்டு, காய்ந்து, தொட்டால் நொறுங்கும் நிலையில் இருந்தது.

"பிள்ளை, இதுக்கு என்ன மருந்து அடிக்கிறது?"

பயிர்களின் நோயையும் பூச்சியையும் இனங்காண்பதுதான் என் வேலை. இந்தக் கேள்வியைக் கேட்காத நாள் குறைவு. "இதுக்கு என்ன வந்திருக்கு?" என்று கேட்டு வருபவர்களோ மிகக் குறைவு. அவர் ஏற்கெனவே மூன்று மருந்து அடித்திருந்தார். போத்தல்களை மகன் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தான். பார்த்தால், இரண்டு போத்தலிலும் இருந்தது ஒரே இரசாயனம், இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிகொல்லி. கம்பனிப் பெயர்தான் வேறு. மூன்றாவது ஒரு பங்கசுநாசினி, அதாவது பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து. பின்னேரம் தோட்டத்துக்குப் போய்ச் செடியைப் பார்த்தேன். அங்கே இருந்தது சிற்றுண்ணி. அவர் காசு கொடுத்து வாங்கிய மூன்றில் ஒன்றுகூட அதைக் கொல்லாது.

மிளகாய் இலை சுருளுவதற்குக் காரணம் ஒன்றல்ல. தோட்டத்தில் நின்றபடியே ஓரளவுக்குப் பிரித்தறியலாம். இலையின் விளிம்பு மேல்நோக்கி மடிந்து வள்ளம் போல இருந்தால் பெரும்பாலும் பனிப்பூச்சி. வெள்ளைத் தாளின் மேல் குருத்தைத் தட்டினால் மெல்லிய பூச்சிகள் விழுந்து ஓடும். விளிம்பு கீழ்நோக்கி மடிந்து, இலை ஒடுங்கி, காம்பு மட்டும் நீண்டு எலிவால் போலத் தொங்கினால் சிற்றுண்ணி. அது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கையடக்கக் கண்ணாடியால் குருத்திலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சிற்றுண்ணிக்கு எட்டுக் கால், சிலந்தியின் இனம். பூச்சிக்கென்று செய்த மருந்துகள் பலவற்றுக்கு அது அசையாது. அதைவிட மோசம், சில மருந்துகள் சிற்றுண்ணியைப் பிடித்துத் தின்னும் உயிர்களைக் கொன்றுவிட்டு அதற்கு வழி திறந்து விடுகின்றன. அடிக்க அடிக்கக் கூடுகிறது என்று தோட்டக்காரர்கள் சொல்வது வெறும் மனப்பிரமை இல்லை.

மூன்றாவது வகை வைரசு. இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடி குட்டையாகிப் புதர் போல நிற்கும். அதைக் காவுவது வெண் ஈ. வைரசு ஏறிய செடியைக் குணமாக்க எந்த மருந்தும் கிடையாது. பிடுங்கி அழித்துவிட்டு, மிச்சச் செடிகளுக்கு வெண் ஈ வராமல் பார்ப்பதுதான் வழி. நாற்றுமேடையிலேயே பூச்சிவலை கட்டினால் பாதி வேலை முடிந்தது.

சரி, வாடலுக்கு வருவோம். கத்தரியோ தக்காளியோ பச்சையாகவே திடீரென்று தலை சாய்ந்தால், எல்லாரும் முதலில் தண்ணீர் விடுவார்கள், அப்புறம் யூரியா போடுவார்கள். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். தண்டின் அடியில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் கிளாசில் வெட்டுமுகம் நீரில் படும்படி பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பால் போன்ற நூல் கீழே இறங்கினால் அது பற்றீரியா வாடல். முதல் தடவை பார்ப்பவர்கள் அசந்து போவார்கள். அந்த நூல் முழுவதும் பற்றீரியாதான். நூல் இறங்காவிட்டால் வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால், வேரைத் தாக்கும் நுண்ணிய வட்டப்புழு.

பற்றீரியா வாடலுக்கும் தெளித்துக் குணமாக்கும் மருந்து இல்லை. அது மண்ணில் இருக்கிறது, வாய்க்கால் தண்ணீரோடு அடுத்த பாத்திக்குப் போகிறது, மண்வெட்டியில் ஒட்டிப் போகிறது. இங்கே ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "நாங்கள் பயிரை மாத்தி மாத்தித்தானே செய்யிறம்" என்று பலர் சொல்வார்கள். என்ன பயிர் என்று கேட்டால் புகையிலை, அடுத்தது மிளகாய், அதற்கடுத்தது கத்தரி அல்லது உருளைக்கிழங்கு. இவை அத்தனையும் ஒரே குடும்பம். எங்களுக்குத்தான் அது பயிர் மாற்றம், பற்றீரியாவுக்கு ஒரே சாப்பாடு. இடையில் சோளமோ குரக்கனோ வெங்காயமோ வர வேண்டும்.

தென்னையிலும் இதே குழப்பம். ஓலை கறுத்துப்போய்விட்டது, பங்கசு மருந்து தாருங்கள் என்று கேட்டு வருகிறார்கள். அந்தக் கறுப்பு உண்மையிலேயே பங்கசுதான். ஆனால் அது ஓலையைத் தின்பதில்லை. ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டிருக்கும் வெண் ஈ சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை விடுகிறது, அது விழுந்த இடத்தில் கறுப்பு வளர்கிறது. ஈ போனால் கறுப்பும் போகும். அடி ஓலைகளுக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். கடும் நஞ்சை அடித்தால் வெண் ஈயின் குடம்பிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சின்னக் குளவிகளும் சேர்ந்து செத்துவிடும். அந்தக் குளவிகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2008இல் பப்பாசியில் மாவு பூசியது போல மொய்க்கும் ஒரு பூச்சி இலங்கைக்குள் வந்தது. மருந்துகளுக்கு மசியாத அதை, 2009இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஓர் ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. அது எந்த இனப் பூச்சி என்று சரியாகக் கண்டுபிடித்த பிறகே எந்தக் குளவி வேண்டும் என்று தேட முடிந்தது.

எங்கள் குடாநாட்டில் பிழையான மருந்தின் செலவு தோட்டக்காரரோடு முடிவதில்லை. செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கீழே இறங்கும். அதே நிலத்தடி நீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம்.

ஆகவே வரும்போது முழுச் செடியைக் கொண்டு வாருங்கள், வேரோடும் மண்ணோடும். செத்துக் காய்ந்ததை விடுத்து, இப்போதுதான் நோய் தொடங்கிய செடியாகப் பாருங்கள். செத்த செடியில் பிறகு வந்து குடியேறிய பங்கசுகள்தான் எங்களுக்கு அகப்படும். ஈரப் பொலித்தீன் பையில் கட்டினால் வழியிலேயே அழுகிவிடும், பத்திரிகைத் தாளில் சுற்றினால் போதும். பக்கத்தில் நிற்கும் நல்ல செடி ஒன்றையும் சேர்த்து எடுங்கள். தோட்டம் முழுக்க ஒரேயடியாக வந்ததா, ஒரு மூலையில் தொடங்கிப் பரவியதா என்று கவனித்துச் சொல்லுங்கள். தூரம் என்றால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

என்ன அடித்தீர்கள் என்பதை மட்டும் மறைக்க வேண்டாம். வெறும் போத்தல்களையும் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். யாரும் ஏசமாட்டோம்.