முள்ளெலிக் காளான்: சொல் விளக்கம்

ஐரோப்பாவின் பழைய பீச், ஓக் காடுகளில், கோடை முடியும் வேளையிலிருந்து இலைகள் உதிரும் வரை, காயம்பட்ட மரத்தண்டில் வெள்ளைக் கொத்தாக ஒரு காளான் தொங்கும். சாப்பிடலாம், ஆனால் காட்டில் அதைக் காண்பது அரிது. அறிவியல் பெயர் ஹெரிசியம் எரினேசியஸ். 'லயன்ஸ் மேன்' என்று பொடியாகவும் மாத்திரையாகவும் விற்கப்படுவது இதே இனம்தான்.

லத்தீனில் 'எரிசியஸ்' என்றால் முள்ளெலி. அதிலிருந்து வந்தது ஹெரிசியம். 'எரினேசியஸ்' என்பதும் முள்ளெலியைக் குறிக்கும் சொல்லே. ஐரோப்பிய முள்ளெலியின் பேரினப் பெயரும் அதுதான். ஆக, பெயரின் இரண்டு பாதியும் ஒரே விலங்கைத்தான் சுட்டுகின்றன. பிரெஞ்சுத் தாவரவியலாளர் புல்லியார் 1781இல் இதை ஹிட்னம் என்ற பேரினத்தில் சேர்த்தார். பூஞ்சையியலாளர் பெர்சூன் 1797இல் ஹெரிசியத்துக்கு மாற்றினார். பேரினம் மாறினாலும் எரினேசியஸ் அப்படியே நின்றது.

அடையாளம் காண இந்தப் பெயரே போதுமான துணை. குடை கிடையாது, குடைக்கு அடியில் தகடுதகடாக இருக்கும் செவுள்களும் கிடையாது. ஒரே திரண்ட சதையிலிருந்து மெல்லிய, மென்மையான முட்கள் நேராகக் கீழ்நோக்கித் தொங்கும். பல சென்டிமீட்டர் நீளம் வரை வளரும். வித்துகள் உண்டாவது அந்த முட்களின் மேல்தான். இளமையில் தூய வெள்ளை, முதிர்ந்தால் மஞ்சளும் பழுப்பும். கவனிக்க வேண்டியது சதை கிளைத்திருக்கிறதா என்பதை. பவளம்போல் கிளைகிளையாகப் பிரிந்து, அவற்றில் குட்டை முட்கள் வரிசையாக இருந்தால் அது ஹெரிசியம் கோரலாய்டஸ் என்ற உறவுக்காளான்.

இது மரத்தின் வைரத்தை, அதாவது தண்டின் நடுக்கட்டையை, தின்று உள்ளே வாழும் பூஞ்சை. வயதான, உள்ளே உளுத்த மரம் இதற்கு வேண்டும். ஆனால் காட்டைப் பராமரிக்கிறோம் என்று முதலில் வெட்டுவதும் அந்த மரங்களைத்தான். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இது இருக்கிறது; காட்டில் பறிப்பது குற்றம். சமையலுக்கு வளர்ப்புக் காளானே கிடைக்கிறது. நண்டுக்கறியின் சுவை என்பார்கள்.

மற்ற மொழிகள் வேறு உருவங்களைப் பார்த்தன. சீனத்தில் இது குரங்குத் தலைக் காளான். ஜப்பானியர் யாமாபுஷிடாக்கே என்கிறார்கள். யாமாபுஷி என்னும் மலைத்துறவிகள் மார்பில் அணியும் குஞ்சங்களை நினைத்து வைத்த பெயர்.

சரி, தமிழில்? 'சிங்கப்பிடரிக் காளான்' என்று ஆங்கில வணிகப் பெயரை மொழிபெயர்க்கலாம், பிழையில்லை. ஆனால் அது முள்ளைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. முள்ளெலி நமக்கு அந்நிய விலங்கும் அல்ல. தென்மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் வாழ்கிறது. அதனால் என் தேர்வு முள்ளெலிக் காளான். முள்ளம்பன்றி என்று எழுதிவிடக் கூடாது, அது வேறு விலங்கு. இன்னொரு குழப்பமும் உண்டு: ஆங்கிலத்தில் 'ஹெட்ஜ்ஹாக்' காளான் என்று பெரும்பாலும் சொல்லப்படுவது ஹிட்னம் ரிபாண்டம். அது தரையில் முளைக்கும், குடையும் காம்பும் கொண்டது, குடைக்கு அடியில் முட்கள் இருக்கும். அதற்குக் 'குடைமுள் காளான்' என்றும், கோரலாய்டஸுக்குக் 'கிளை முள்ளெலிக் காளான்' என்றும் பெயர் வைத்தால் மூன்றும் தெளிவாகப் பிரிந்துவிடும்.