மதிப்பெண் கோப்பு ஏன் இரண்டாகிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று வைத்துக்கொள்வோம். பிபிடி எனும் வகுப்பறை மதிப்பீட்டுப் பட்டியல் எக்செல் கோப்பாகக் கூகுள் டிரைவில் இருக்கிறது. மத்தியானம் இடி மழை, இணைய லைன் போய்விட்டது. பள்ளியில் ஓர் ஆசிரியர் ஒரு மாணவரின் டிபி எனும் அடைவுநிலை 3-ஐ 4 ஆக்கிச் சேமிக்கிறார். அதற்குள் வீட்டிலிருந்து இன்னோர் ஆசிரியர் வேறொரு வரியைத் திருத்திவிடுகிறார். லைன் வந்ததும் ஒரு கோப்பு இரண்டாகிவிடுகிறது.

கணினியிலும் இணையத்திலும் உள்ள கோப்பை ஒன்றுபோல வைத்திருக்கும் ஒத்திசைவு மென்பொருள் கடிகாரத்தை மட்டும் நம்புவதில்லை. இந்தத் திருத்தம் எந்தப் பதிப்பிலிருந்து தொடங்கியது என்று பார்க்கிறது. இரண்டுமே 12ஆம் பதிப்பிலிருந்து கிளம்பியிருந்தால் எதை வைப்பது? எக்செல் கோப்போ ஜிப் போலச் சுருக்கிய பொட்டலம். அதைப் பிரித்து இரண்டு வரிகளையும் சேர்க்கும் வேலையைச் சேவைகள் பொதுவாகச் செய்வதில்லை. அதனால் இரண்டையும் வைத்துவிடுகின்றன. நல்லதுதான், ஒன்றை அழித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்போது எதையும் நீக்காமல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து விடுபட்ட வரியை ஒன்றில் சேர்த்த பிறகே மற்றதை ஒதுக்க வேண்டும்.

கூகுள் ஷீட்ஸ் வேறு மாதிரி. கோப்பை முழுதாக அனுப்பாமல், ‘இந்தக் கட்டத்தில் 4’ என்ற சிறு மாற்றத்தை மட்டும் அனுப்புகிறது. வேறு வேறு கட்டங்கள் என்றால் மோதலே இல்லை. ஒரே கட்டம் என்றால் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது நிற்கும். கல்வி அமைச்சு ஆசிரியர்களுக்குத் தரும் டெலிமா கணக்கிலேயே இது இருக்கிறது. ஆனால் லைன் இல்லாமல் எழுத, லைன் இருக்கும்போதே குரோமில் ஆஃப்லைன் வசதியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பழையபடி எக்செலில் திறந்தால் பழைய தொல்லைதான். வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கிய பிரதிக்கும் மூலக் கோப்புக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

விளையாட்டுப் போட்டி வீடியோ வேறு கதை. 500 எம்பி கோப்பு, விநாடிக்கு 2 மெகாபிட் ஏற்றும் வேகத்தில், சுமார் 33 நிமிடம் பிடிக்கும். அதற்குள் மடிக்கணினியை மூடினால் கோப்பு கணினியில்தான் இருக்கும், மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், இருக்காது. சுழலும் அம்புக்குறி நிற்கும்வரை மூடக்கூடாது.

ஒத்திசைவைக் காப்புப் பிரதி என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. ஒருவர் அழித்தால் அழிப்பும் எல்லாக் கணினிக்கும் ஒத்திசையும். டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும்; பள்ளி விடுமுறை அதை எளிதில் விழுங்கிவிடும். மாற்றலாகிப் போகும் ஆசிரியரின் சொந்தக் கணக்கில் கோப்பு இருந்தால், அவர் போகுமுன் பள்ளியில் இருப்பவர் கணக்கில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். தவணை முடிவில் ஒரு பிரதியை வெளிவட்டில் எடுத்து, வயரைக் கழற்றி, அலமாரியில் பூட்டி வையுங்கள்.