கொப்பியை மூடிவிடும் பிள்ளை

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “மகன் நான்காம் தரம். ஒரு கணக்குப் பிழைத்தால் போதும், ‘எனக்கு வராதும்மா’ என்று கொப்பியை மூடிவிடுகிறான். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. இது பிறவிக் குணமா, மாற்றலாமா?”

மாற்றலாம். அதற்கான விளக்கம், இரண்டு ஆய்வாளர்கள் தம் முடிவு தலைகீழ் என்பதைத் தாமே கண்டுபிடித்த கதையில் இருக்கிறது.

1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்று படித்தாலும் மனம் கனக்கும் சோதனை அது. ஒரு நாய் தலையால் பலகையை அழுத்தினால் மின்னதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு நாய்க்கும் அதே அதிர்ச்சி, அதே நேரம். ஆனால் அது என்ன செய்தாலும் நிற்காது. மறுநாள், ஒரு தாண்டு தாண்டினால் தப்பிவிடலாம் என்ற கூண்டில் அவற்றை விட்டார்கள். முதல் வகை நாய்கள் தாண்டின. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை படுத்துக்கொண்டு வலியைத் தாங்கின. நம்பிக்கையின்மையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று இருவரும் முடிவு கட்டினார்கள்.

மேயர் பிறகு நரம்பியல் பக்கம் போனார். எலியின் முன்னால் ஒரு சிறு சக்கரம். அதைத் திருப்பினால் அதிர்ச்சி நிற்கும். வலி நீடிக்கும்போது மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. உடல் ஒடுங்குகிறது, முயற்சி நின்றுபோகிறது. இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, பிறப்பிலேயே உள்ள ஏற்பாடு. நெற்றிக்குப் பின்னால் முன்மூளையின் ஒரு பகுதி, ‘நான் செய்வதால் ஏதாவது மாறுகிறதா?’ என்று கவனித்துக்கொண்டிருக்கிறது. மாறுகிறது என்று கண்டால், கீழே உள்ள அந்தக் கூட்டத்தை அடக்கிவிடுகிறது.

2005இல் வெளியான சோதனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. எலி சக்கரத்தைத் திருப்பும் நேரத்தில், மருந்து செலுத்தி அந்த முன்மூளைப் பகுதியை மட்டும் உறங்க வைத்தார்கள். எலி வழக்கம்போலவே திருப்பியது, அதிர்ச்சியும் நின்றது. ஆனால் பிற்பாடு அது, எதையும் நிறுத்த முடியாமல் தவித்த எலியைப் போலவே சோர்ந்து கிடந்தது. வெற்றி கிடைத்திருந்தது, ‘அது என்னால் கிடைத்தது’ என்ற செய்திதான் மூளையில் பதியவில்லை. மருந்தில்லாமல் சக்கரம் திருப்பிப் பழகிய எலிகளோ, பிறகு தப்பவே முடியாத அதிர்ச்சி வந்தபோதும் அப்படிச் சோர்ந்துபோகவில்லை.

2016இல் மேயரும் செலிக்மனும் சேர்ந்து எழுதினார்கள்: சோர்ந்து போவதுதான் மூளையின் இயல்பு நிலை, கற்றுக்கொள்ளப்படுவது ‘என் கையால் ஆகும்’ என்பதே. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு நம்பியதைத் தாமே திருத்திக்கொண்ட அந்த நேர்மைக்கு என் வணக்கம்.

எலிக்கு நடப்பதெல்லாம் பிள்ளைக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1975இல் கரோல் டுவெக் என்ற உளவியலாளர், தோல்வி கண்டால் உடனே கைவிடும் 12 பிள்ளைகளை (8 முதல் 13 வயது) இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேருக்கு எப்போதும் வெற்றி தரும் கணக்குகள். மற்றவர்களுக்கு இடையிடையே தோல்வி. அப்போது ‘இன்னும் முயன்றிருக்க வேண்டும்’ என்று சொல்லப்பட்டது. வெற்றியையே ஊட்டி வளர்த்தவர்கள் அடுத்த தோல்வியில் பழையபடி சரிந்தார்கள். மற்றவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் கற்பித்த காலத்தில் ஒரு பையன் 402இலிருந்து 178ஐக் கழித்து 376 என்று எழுதியிருந்தான். ஒவ்வொரு நிரலிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருந்தான். அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளில் ஓட்டை விழுந்திருந்தது. முன்பெல்லாம் அந்த இடத்தில் சரியான விடையை நானே எழுதிவிடுவேன். அன்று, “376ஓட 178ஐக் கூட்டிப் பாரு தம்பி” என்றேன். 554 வந்தது. “402 வரணுமே சேர்” என்று அவனே சொன்னான். நடுவிலிருக்கும் பூச்சியத்தோடு மல்லுக்கட்டி, மூன்றாம் முறை 224க்கு வந்து, கூட்டிப் பார்த்து நிமிர்ந்தான். கூட்டிப் பார்ப்பதுதான் அவனுடைய சக்கரம். பிழையா சரியா என்று கேட்க என் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லாமல் போனது.

இதையெல்லாம் பிள்ளையின் மனப்பான்மைப் பிரச்சினையாகச் சுருக்குவதை நான் எதிர்க்கிறேன். நாள் முழுக்க மலையில் நின்றும், வெயில் காலத்தில் கொழுந்து குறைந்ததால் அம்மாவுக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழுந்தது என்று மாலையில் கேட்கும் பிள்ளை, உழைப்புக்கும் பலனுக்கும் தொடர்பில்லை என்ற பாடத்தை வீட்டிலேயே படிக்கிறது. கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் விடாமுயற்சி பற்றிச் சுவரில் எழுதுவதால் அது மாறாது. லயத்து அறையில் ஐந்தாறு பேருக்கு நடுவே வீட்டுப்பாடம் செய்யும் நம் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய வேண்டும். அதற்கு ஒதுக்கும் பணம் ஒரு சதமும் வீணாகாது.

பரீட்சைக்கு முன் மந்திரித்த நூல் கட்டும் வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வருவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘நூல் கட்டினதாலதான் பாஸ்’ என்று பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். சக்கரத்தைத் திருப்பிய கை அவனுடையது என்பதை அந்த ஒரு வாக்கியம் அழித்துவிடும்.

அம்மா, மாதிரி வினாத்தாளைத் திருத்தும்போது பிழைத்த கணக்கின் பக்கத்தில் விடையை எழுதாதீர்கள். பிழை தொடங்கிய வரியில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்துக் கொடுங்கள். அவன் கொப்பியை மூடினால் திட்ட வேண்டாம். தேநீர் குடித்த பிறகு அதே பக்கத்தைத் திறந்து, அந்தப் புள்ளியிலிருந்து தொடரச் சொல்லுங்கள். முதலில் வாரத்துக்கு ஒரு கணக்கு இப்படிச் செய்தால் போதும்.