துறைமுகப் படத்தைச் சுவரில் மாட்டுவதற்கு முன்

பயணம் போய் வந்தவர்கள் பெரிதாக அச்சடித்து பிரேம் போடச் சொல்லி என்னிடம் கொண்டுவரும் படங்களில் பழைய துறைமுகங்கள் நிறைய. அதிகம் ஏமாற்றம் தருவதும் அவைதான். துறைமுகப் படத்தின் உயிர் மெல்லிய கோடுகளில் இருக்கிறது. பாய்மரத்திலிருந்து நூல்போல் இறங்கும் வடங்கள், ஜன்னல் சட்டங்கள், தண்ணீரில் நெளியும் அவற்றின் நிழல். படத்தின் தரம் குறைந்தால் முதலில் போவது இந்தக் கோடுகள்தான்.

ஒரு பெண்மணி கோபன்ஹேகனின் நைஹவ்ன் படத்தை மூன்றடி அகலத்தில் கேட்டார். 1673இல் வெட்டி முடித்த கால்வாய், கரையோரம் வண்ண வண்ண வீடுகள், முன்னால் மரக்கப்பல்கள். போன் திரையில் அருமையாகத்தான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் வடங்கள் எல்லாம் கரைந்து சாம்பல் பூச்சாக நின்றன. வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பிய பிரதி அது, நீளம் 1600 பிக்சல். 36 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 44 பிக்சல்தான் வரும். இரண்டு மூன்றடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கே 150 இருந்தால் நல்லது. படம் எடுத்த தங்கையின் போனிலிருந்து 4000 பிக்சல் மூலக் கோப்பை வரவழைத்து, அளவையும் 26 அங்குலமாகக் குறைத்தோம். ஒவ்வொரு வடமும் தனித்தனியாகத் தெரிந்தது. அதனால் தயவுசெய்து மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால், படமாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

அப்புறம், பிரேமின் அளவு. கேமரா படம் பெரும்பாலும் 3:2 விகிதம். 16க்கு 20 அங்குல பிரேமில் அதை நிரப்பினால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும். துறைமுகத்தில் அந்த ஓரத்தில்தான் கலங்கரை விளக்கமோ கடைசிக் கப்பலின் முனையோ இருக்கும். படத்துக்கேற்ற பிரேமைச் செய்துகொள்வதே சரி.

வானம் வெளுத்துப்போன படங்களும் நிறைய வருகின்றன. இது புதிய சிக்கல் இல்லை. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்டாவ் லெ க்ரே 1857இல் பிரான்சின் செத் கடற்கரையில் எடுத்த அலைப் படத்தில் வானத்துக்கும் கடலுக்கும் தனித்தனி நெகடிவ்களைச் சேர்த்தே அச்சிட்டார். இன்று ரா கோப்பாக, அதாவது கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக எடுத்தால் போதும், வெளிச்சமான பகுதியைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது அச்சிட்ட பிறகு நடப்பதைப் பற்றி. நார்வேயின் பெர்கன் நகரத்துப் பழைய துறைமுகக் கரையான ப்ரிக்கனின் படம் ஒன்று மறுபிரேமுக்கு வந்தது. 1702 தீவிபத்துக்குப் பின் மீண்டும் கட்டிய மரவீடுகள் அவை, 1979இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. வீடுகளின் சிவப்பு வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டிருந்தது. பிரேமைக் கழற்றினேன். படத்தைச் சுற்றி வைக்கும் மவுன்ட் போர்டு அட்டைக்கு அடியில் மறைந்திருந்த கால் அங்குல விளிம்பு மட்டும் முதல் நாள் சிவப்பிலேயே இருந்தது. எதிர் ஜன்னலின் வெயில்தான் காரணம். மலிவான சாய மை அந்த வெயிலைத் தாங்காது. பின்பலகையும் அமிலமுள்ள சாதாரண அட்டை. அது பட்ட இடமெல்லாம் தாள் பழுப்பேறியிருந்தது.

மறுபடி பிக்மென்ட் மையில், அதாவது சாயத்துக்குப் பதில் நிறமித் துகள்கள் உள்ள மையில் அச்சிட்டு, அமிலமில்லாத அட்டை, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். கண்ணாடி படத்தில் ஒட்டாமல் இருக்க நடுவே மவுன்ட் போர்டு. இந்த முறை ஜன்னல் இருக்கும் சுவரிலேயே மாட்டச் சொல்லியிருக்கிறேன். அங்கே வெயில் நேராக விழாது.