பால் கொடுக்கும் அந்த அரை மணித்தியாலம்

பதினாறு மாதத்தில் இரட்டைப் பிள்ளைகள், மடியில் ஒரு பச்சைப்பிள்ளை. இப்படியான வீட்டில் எது ஆபத்தான நேரம் என்று கேட்டால் சிலர் இரவு என்பார்கள், சிலர் சமையல் நேரம் என்பார்கள். வன்னியில் வீடு வீடாகப் போய்வரும் குடும்பநல உத்தியோகத்தராக நான் சொல்வது வேறு. அம்மா பச்சைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும் நேரம்தான் அது.

பிறந்த பிள்ளை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். முதல் கிழமைகளில் ஒரு தடவைக்கே அரை மணித்தியாலம் போய்விடும். கூட்டிப் பார்த்தால், நாளில் நாலு முதல் ஆறு மணித்தியாலம் அம்மா எழும்ப முடியாமல் இருக்கிறாள். இது பெரிய பிள்ளைகளுக்கு மிக விரைவில் விளங்கிவிடுகிறது. பேச்சு இன்னும் வரவில்லையே தவிர, அம்மா இப்போது ஓடிவர மாட்டாள் என்பதை நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள்.

இரட்டையர் என்றால் இன்னொரு சங்கடம். தனிப்பிள்ளை செய்யும் குழப்படியை இரண்டால் பெருக்கினால் இவர்கள் செய்வது வராது, அதைவிடக் கூட வரும். ஒன்று கதிரையைத் தள்ளிக்கொண்டு போகும், மற்றது ஏறும். ஒன்று படலையைப் பிடித்து ஆட்டும், மற்றது இடைவெளியால் வெளியே போகும். கூப்பிட்டால் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று அம்மா நின்று யோசிக்கும் இடைவெளி போதும்.

எங்கள் வளவுகளை நினைத்துப் பாருங்கள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் காணி. நடுவில் வீடு, பின்னால் கிணறு. போர் முடிந்து மீள்குடியேறி இத்தனை வருடமாகியும் சில கிணறுகளுக்கு இன்னும் கட்டு இல்லை. கட்டு இருக்கிற இடத்தில் அதன் பக்கத்திலேயே உடுப்புத் தோய்க்கிற கல், அதில் ஏறினால் கட்டு இடுப்பளவு. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஓடும் பக்கங்களில் வேலிக்கு வெளியே வாய்க்கால். மாரி தொடங்கினால் குப்பைக்குத் தோண்டிய கிடங்கிலும் தண்ணீர் நிற்கும். தவழும், தத்தி நடக்கும் பிள்ளை மூழ்குவதற்குக் கிணறு வேண்டியதில்லை, வாளியில் ஒரு சாண் தண்ணீர் போதும். தலை பாரம் கூடிய வயது அது. குப்புற விழுந்தால் தானாக எழும்ப வராது. சத்தமும் கேட்காது. "விழுந்தால் கத்துவான்தானே" என்று நம்பி இருக்காதீர்கள்.

அப்புறம் போத்தல்கள். மண்ணெண்ணெய் தண்ணீர்ப் போத்தலில், களைநாசினி சோடாப் போத்தலில். காலபோகம், அதாவது மாரி நெல் விதைப்பு, தொடங்கினால் இது கிட்டத்தட்ட எல்லா வயல்காரர் வீட்டிலும் உண்டு. மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையைச் சத்தியெடுக்க வைக்கவே கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் எதுவும் வேண்டாம். போத்தலையும் எடுத்துக்கொண்டு நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

சரி, என்ன செய்வது? எழும்பி ஓடத் தேவையில்லாத ஒரு இடத்தை உண்டாக்குவதுதான் வழி. வீட்டில் கதவு உள்ள ஒரு அறையைத் தெரிவு செய்யுங்கள். விறாந்தை வேண்டாம். தாழ்ப்பாள் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் நீங்கள் வெளியிலும் அவர்கள் உள்ளேயும் நிற்பீர்கள். அறைக்குள் கட்டில், மேசை, ஏறக்கூடிய அலுமாரி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பாயை விரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து நிலத்தில் இருங்கள். கதிரையில் இருந்தால் ஒரு பிள்ளையை எட்டிப் பிடிக்க முடியாது, நிலத்தில் இருந்தால் காலாலாவது மறிக்கலாம். பால் கொடுக்க முன்னர் மூவருக்கும் துணி மாற்றி, பெரியவர்கள் இருவருக்கும் தண்ணீர் கொடுத்து, உங்களுக்கும் ஒரு போத்தல் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். தாகம் வந்து எழும்புகிற அம்மாக்கள் நிறையப் பேர்.

ஒரு பெட்டி வேண்டும். சிரட்டை, அகப்பை, பழைய சட்டி மூடி, துணிப் பொம்மை, இப்படி வீட்டில் உள்ளவைதான். அந்தப் பெட்டி பால் கொடுக்கும்போது மட்டும் திறக்கும், பால் முடிந்ததும் மேலே போய்விடும். நாள் முழுக்க வெளியில் கிடந்தால் அதற்கு மதிப்பில்லை. எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு வையுங்கள், ஒரு சிரட்டைக்கு நடக்கிற சண்டையைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். கச்சான், கடலை, டொபி கொறிக்கக் கொடுக்காதீர்கள், அந்த வயதில் தொண்டையில் சிக்கும். விளையாட்டுச் சாமான்களில் உள்ள பட்டன் பற்றரி அதைவிட மோசம். விழுங்கினால் சில மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாயை எரித்துவிடும்.

போனைப் பற்றியும் கேட்பீர்கள். இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை, அதைத்தான் நானும் சொல்ல வேண்டும். ஆனால் தனியாக மூன்று பிள்ளைகளோடு இருக்கிற ஒருத்தி ஒரு தடவை பால் கொடுத்து முடிக்கப் போனைக் கொடுத்தால் நான் அவளோடு சண்டைக்கு நிற்க மாட்டேன். அதுவே காலை முதல் இரவு வரை என்றால்தான் பிரச்சினை. இரட்டையருக்குப் பேச்சு சற்றுப் பிந்தி வருவது வழக்கம், பேசிக்காட்ட ஆளில்லாமல் போன் மட்டும் பேசினால் இன்னும் பிந்தும்.

பகலில், பெரியவர்கள் முழித்திருக்கும்போது, படுத்தபடி பால் கொடுக்க வேண்டாம். இரவு முழுக்க நித்திரை இல்லாத உடம்பு, சாய்ந்தால் தூங்கிவிடும். பச்சைப்பிள்ளையைத் தனியாகவும் மல்லாக்கவும் கிடத்துங்கள், இரட்டையரோடு ஒரே பாயில் விடாதீர்கள். ஒருவர் உருண்டு காலைத் தூக்கிப் போட்டால் போதும். ஏணைத் தொட்டிலில் போட்டால் இரட்டையர் அதைப் பிடித்துத் தொங்குவார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நிலத்தில் படுக்கிற வீடுகளில் நுளம்புவலையைப் பாய்க்கு அடியில் சுற்றிவர நன்றாகச் செருகுங்கள். நுளம்புக்கு மட்டுமில்லை, இரவில் நித்திரையில் இருப்பவரைக் கடிக்கும் கட்டுவிரியன் பாம்புக்கும் அது தடை.

மருந்தில் நடக்கிற குழப்பம் தனி. இரட்டையர் இருவருக்கும் காய்ச்சல். அம்மா ஒரு பிள்ளைக்குப் பரசிற்றமோல் பாணி கொடுத்துவிட்டுக் குளிக்கப் போகிறாள். அம்மம்மா வந்து, கொடுக்கவில்லை என்று நினைத்து, அதே பிள்ளைக்கே திரும்பக் கொடுக்கிறா. மற்றப் பிள்ளைக்கு ஒன்றும் போகவில்லை. ஒரே முகம், ஒரே சட்டை, அவவில் என்ன பிழை? கடைக்காரர் வருடப் பிறப்புக்குத் தருகிற கலண்டர் ஒன்றை மருந்து வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். யாருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று கொடுத்த கையாலேயே எழுதட்டும். அளவு நிறையைப் பொறுத்தது, இரட்டையர் என்றாலும் நிறை ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே பெயர் எழுதிய போத்தல் ஆளுக்கொன்று. தடுப்பூசி நாளில் கிளினிக்கில் எழுதித் தந்தால் தவிர, பச்சைப்பிள்ளைக்கு அந்தப் பாணியில் தொட்டும் காட்டாதீர்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியமே இல்லை, உடனே வைத்தியசாலை. பால் குடிக்க மறுத்தால், மூச்சு வேகமாக வாங்கினால், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறினால், தொப்புளைச் சுற்றிச் சிவந்தால், இரவென்றும் பாராமல் கொண்டு போங்கள்.

உதவிக்கு ஆள் இருக்கிற வீடுகளிலும் வேலையைப் பிரித்த விதம் பிழையாக இருக்கும். கைக்குழந்தை அம்மாவோடு, ஓடுகிற இரண்டும் அம்மம்மாவோடு. அம்மம்மாவுக்கு முழங்கால் நோ, பிரசர், சீனி. அவ எப்படி இரண்டு பக்கம் ஓடுவா? பால் கொடுத்து முடிந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். ஏவறை எடுக்க வைப்பது, தாலாட்டுவது எல்லாம் அம்மம்மா இருந்த இடத்தில் இருந்து செய்யட்டும், அம்மா பெரியவர்களிடம் போகட்டும். அவர்களும் அம்மாவைத்தானே தேடுகிறார்கள். தம்பியைக் கடிப்பதும், விட்ட பாலைத் திரும்பக் கேட்பதும், புட்டைத் துப்பிவிட்டு மடியில் ஏறுவதும் அதற்காகத்தான். அடித்துத் திருத்துகிற விஷயமில்லை அது. ஆளுக்குக் கொஞ்ச நேரம், ஒருவரோடு மட்டும், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கதையுங்கள். இன்னும் தாய்ப்பால் குடிக்கிற பெரிய பிள்ளைகள் என்றால் தொடரலாம், பச்சைப்பிள்ளை முதலில் குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு சொல். சவர்க்காரமும் பவுடரும் எல்லா வீட்டிலும் அடுக்கிக் கிடக்கின்றன. சோறும் கறியும் சமைத்துக்கொண்டு வாருங்கள். வந்தவுடன் பச்சைப்பிள்ளையைத் தூக்க வேண்டாம், தடிமன் இருந்தால் கிட்டப் போகவே வேண்டாம். பெரியவர்கள் இருவரையும் முற்றத்தில் ஒரு மணித்தியாலம் வைத்திருங்கள், அல்லது கிணற்றடியில் கிடக்கிற துணியைத் தோய்த்துக் கொடுங்கள். அப்பா உள்ளூரில் இருந்தால் அவருக்கு நிலையான ஒரு வேலை இருக்கட்டும், "கேட்டால் செய்வன்" என்பது கணக்கில் வராது. பின்னேரம் இரட்டையரைக் குளிப்பாட்டிச் சோறு தீத்துவது அவருடையது என்றால், அது நாளாந்தம் அவருடையதுதான். கட்டாரில் இருக்கிற அப்பாக்கள் வீடியோவில் பிள்ளைகளைப் பார்க்கும்போது, பிள்ளைகளின் அம்மா சாப்பிட்டாளா என்றும் கேட்கலாம்.

வன்னியில் ஒரு பேச்சு இருக்கிறது, அது எனக்குப் பிடிக்காது. "நாங்கள் பங்கருக்குள்ள பெத்து, தரப்பாளுக்குக் கீழ வளத்தனாங்கள். உங்களுக்கு வீடு இருக்கு, கறண்ட் இருக்கு, இது ஒரு கஷ்டமே?" சொல்பவர்கள் பட்டது பொய்யில்லை, நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகு அந்த அம்மா வாய் திறக்க மாட்டாள். அதுதான் எனக்குப் பயம். பிள்ளை பிறந்த முதல் பத்து நாட்களுக்குள் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானாக ஓய்ந்துவிடும். இரண்டு கிழமைக்கு மேல் போனால், பிள்ளை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வராவிட்டால், பிள்ளையைப் பார்க்கவே மனம் இல்லை என்றால், "நான் இல்லாமல் இருந்தால் நல்லம்" என்று வாயில் வந்தால், அது சோம்பலும் இல்லை, செல்லமும் இல்லை. மருந்தும் ஆலோசனையும் உள்ள வருத்தம். அவளைத் தனியே விடாதீர்கள். எங்களிடம் சொல்லுங்கள், அல்லது 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம். நான் வீட்டுக்கு வரும்போது மாமியும் அக்காவும் சுற்றிவர இருந்தால் அவளால் கதைக்க முடியாது. "மிஸ், கிணத்தடியைப் பாருங்கோ" என்று என்னை வெளியே கூட்டிப் போகலாம், எனக்கு விளங்கும்.

இன்னொரு கர்ப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாய்ப்பால் கர்ப்பத்தைத் தடுப்பது மூன்றும் சேர்ந்து இருந்தால் மட்டும்: பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, தாய்ப்பால் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லை, மாதவிடாய் திரும்பவில்லை. ஆறு மாதம் தாண்டினால் மாதவிடாய் வர முன்னரே கரு தங்கலாம். ஏழாம் மாதத்தில் அப்படித் தங்கினால் இரட்டையர் பதினாறு மாதமாகும்போது அடுத்தது பிறந்துவிடும். பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வருடமாவது விட்டு அடுத்த கர்ப்பம் என்பதுதான் உடம்புக்கு நல்லது. பால் கொடுக்கும்போதும் பாவிக்கக்கூடிய கருத்தடை முறைகளான கருப்பைக்குள் வைக்கும் லூப், ஊசி, கையில் வைக்கும் குச்சி எல்லாம் எங்கள் கிளினிக்கில் கேட்கலாம்.

கடைசியாகக் கிளினிக் நாள். பதினாறு மாத இடைவெளி என்றால் இரட்டையரின் 18 மாதத் தடுப்பூசியும் சின்னவரின் 2 மாதத் தடுப்பூசியும் ஒன்றாகவே வந்து நிற்கும். பெரியவர்களுடையதைப் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். அதில் குக்கலுக்கு (கக்குவான் இருமலுக்கு) எதிரானதும் இருக்கிறது, அவர்கள் கொண்டுவரும் குக்கல் பச்சைப்பிள்ளைக்குத்தான் பெரிய ஆபத்து. மூவருக்கும் ஒரே நாளில் போட்டால் அன்றிரவு மூன்று காய்ச்சல் வரலாம். வீட்டில் உதவிக்கு ஆள் இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், சின்னவருக்கு ஒரு கிளினிக்கும் இரட்டையருக்கு அடுத்ததும் எனப் பிரித்துத் தருவோம். ஓட்டோக் கூலி இரண்டு தரம் கட்டாது என்றால் ஒரே நாளில் வாருங்கள், ஆனால் மோட்டார் சைக்கிளில் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வேண்டாம். காய்ச்சல் மருந்தின் அளவை மூவருக்கும் தனித்தனியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று பிள்ளைகளின் சுகாதாரப் பதிவேட்டு மட்டையிலும் பிள்ளையின் வீட்டுப் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டால் எங்களுக்கும் வசதி.