நத்தைகுத்தி ஏன் வாயை மூடுவதில்லை?

தம்பலகாமத்தில் மாமாவின் வயலில் பெரும்போக உழவு தொடங்கியிருந்தது. உழவு மெஷினுக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் வழக்கம்போலப் பூச்சி பொறுக்கிக்கொண்டு நடந்தன. தண்ணீர் தேங்கிய மூலையில் மட்டும் சாம்பல் வெள்ளை உடம்பும் கறுப்பு இறக்கையுமாக ஐந்தாறு பெரிய பறவைகள். மாமா கேட்டார்: “தம்பி, அதுகளுக்குச் சொண்டில ஏதும் வருத்தமோ? ஒண்டும் வாயை மூடுதில்லையே.”

வருத்தமெல்லாம் இல்லை. அது நத்தைகுத்தி நாரை. வளர்ந்த பறவையின் சொண்டு நுனியில் சேரும், அடியில் சேரும், நடுவில் மட்டும் அரை சென்ரிமீற்றர் அளவுக்குச் சேராது. பக்கவாட்டில் பார்த்தால் அந்த இடைவெளியால் அந்தப் பக்கத்து வானம் தெரியும்.

அதற்கு முக்கியமான சாப்பாடு வயல் நத்தை. நத்தையும் லேசுப்பட்டதல்ல. ஆபத்து வந்தால் உடம்பை உள்ளே இழுத்து, காலோடு ஒட்டியிருக்கும் கெட்டியான மூடியால் வாசலை அடைத்துவிடும். ஓட்டின் நடுத்தண்டோடு உடம்பைக் கட்டி வைத்திருப்பது ஒரு வலுவான தசை. அது விடாதவரை இறைச்சி வெளியே வராது.

அப்படியானால் பாக்குவெட்டி மாதிரி அந்த இடைவெளியில் வைத்து நொறுக்குகிறதோ? 1960இல் ஜூலியன் ஹக்ஸ்லி என்ற ஆங்கில உயிரியலாளரும் அப்படித்தான் நினைத்தார். நொறுக்கி நொறுக்கித்தான் சொண்டின் ஓரம் சொரசொரப்பாகிறது என்றும் சொன்னார். ஆனால் நாரை சாப்பிட்டுவிட்டுப் போன வரம்போரம் குனிந்து பாருங்கள். நான் ஒரு ஓட்டை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே வெறுமை, வெளியே ஒரு கீறல்கூட இல்லை. சின்ன நத்தைகளை அது அப்படியே விழுங்குவதும் உண்டு. பெரியவற்றிடம் வேறு வித்தை.

அந்த வித்தைதான் எனக்குப் பிடித்த பகுதி. நாரை தலையைத் தண்ணீருக்குள் விட்டுச் சேற்றைக் குத்திக் குத்தித் தேடும். நத்தை அகப்பட்டதும் மேல்சொண்டின் நுனியால் ஓட்டை நிலத்தோடு அமத்திப் பிடிக்கும். கீழ்ச்சொண்டு கத்திபோல மெல்லியது, பலவற்றில் நுனி சற்று வலப்பக்கம் வளைந்திருக்கும். நத்தை ஓடுகள் பெரும்பாலும் வலப்பக்கமாகவே சுருளுவதால் அந்த வளைவு உதவுகிறது என்கிறார்கள். அந்த நுனி மூடிக்கு அடியில் நுழைந்து, தசையை அறுத்து, உடம்பை உருவி எடுக்கும். எல்லாம் கலங்கிய தண்ணீருக்குள், கண்ணின் உதவியே இல்லாமல். கண்ணை மறைத்த பறவையும் நத்தையை எடுத்துவிடும் என்று ஜெர்டன் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்.

அப்போ அந்த இடைவெளி எதற்கு? காலில் தைத்த முள்ளை எடுக்கும் சாவணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதி விலகியிருப்பதால்தான் பிடியின் பலம் முழுக்க நுனிக்கு வருகிறது. சொண்டும் அப்படித்தான் என்பது ஒரு விளக்கம். சொரசொரப்பான ஓரமும் தேய்மானம் அல்ல, வழுக்கும் ஓட்டைப் பிடிக்க உதவுவது என்று இப்போது கருதுகிறார்கள்.

ஹக்ஸ்லி பார்த்தது பெரும்பாலும் பாடம் செய்த உடல்களை. 1971இல் ஃபிலிப் கால் என்பவர் உயிருள்ள பறவைகள் இரை தின்பதை உட்கார்ந்து பார்த்து எழுதினார். இதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு தொலைநோக்கி, பஸ் காசு, வரம்பில் குந்தியிருக்கப் பொறுமையுள்ள ஒரு மாணவர் போதும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயலெல்லாம் நத்தைகுத்தி நிற்கிற எங்கள் ஊரில், அந்தச் சின்னக் காசை ஒதுக்கத்தான் ஆளில்லை.

இவ்வளவையும் மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு மூலையில் நின்ற ஒன்றைக் காட்டினார். அதன் சொண்டு நேராக மூடியிருந்தது. “அப்ப வருத்தம் அதுக்குத்தான்.”

அது இளம் பறவை. இடைவெளி வயது ஏற ஏறத்தான் விழும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே அது தலையைத் தண்ணீருக்குள் விட்டு, ஒரு நத்தையை உருவி விழுங்கியது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.