மாட்டுக்கான அபராதமும் மாட்டின் வயிறும்

சென்னையில் சாலையில் திரியும் மாடு முதன்முறை பிடிபட்டால் விதிக்கப்படும் அபராதம் 2024ஆம் ஆண்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும், மீண்டும் பிடிபட்டால் 15,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. முந்தைய ஆண்டு அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமியை மாடு முட்டித் தள்ளிய காணொளியைப் பார்த்தவர்கள் இந்த உயர்வைக் குறைகூற மாட்டார்கள். கால்நடை மருத்துவராகிய நானும் இதை ஆதரிக்கிறேன். தெருவில் மேயும் மாடு படும் துன்பமும் அதற்கு ஒரு காரணம்.

காலையில் பால் கறந்ததும் அவிழ்த்துவிடப்படும் மாடு, குப்பைத்தொட்டியருகே கிடக்கும் முடிச்சிட்ட நெகிழிப் பையை, உள்ளிருக்கும் மீந்த சோற்றின் வாசனைக்காக நாக்கால் சுழற்றி இழுத்துப் பையோடு விழுங்கிவிடுகிறது. அந்தப் பை அசைபோட மேலே வருவதில்லை, சாணத்தோடும் வெளியேறுவதில்லை. மாட்டு வயிற்றின் நான்கு அறைகளில் முதலாவதிலேயே தங்கி, அடுத்தடுத்து வரும் பைகளோடும் கயிறுகளோடும் முறுக்கிக்கொண்டு கெட்டிப் பந்தாகிவிடுகிறது. இடப்பக்க விலாவைத் திறந்து கைவிட்டு எடுக்கும்போது, துணிக்கடைப் பையின் எழுத்துகள்கூட அழியாமல் இருக்கும். ஆணியோ கம்பியோ உள்ளே போயிருந்தால், இரண்டாம் அறையைத் துளைத்து இதயம்வரை செல்லக்கூடும். அந்நிலையில் எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

நாளுக்கு எட்டு லிட்டர் கறக்கும் ஒற்றை மாட்டை வைத்திருப்பவருக்குப் பத்தாயிரம் ரூபாய் என்பது ஏறத்தாழ ஒரு மாதப் பால் பணம். கட்டிவைக்க இடமில்லாதவர் அபராதத்துக்கு அஞ்சினாலும் மாட்டை எங்கே கட்டுவார்? மாநகராட்சி அமைத்துவரும் பொது மாட்டுத் தொழுவங்கள் வார்டுதோறும் வந்தால்தான் அபராதத்துக்கு முழுப் பயன் கிட்டும். இரண்டாம் முறைக்கான கூடுதல் தொகையும், மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க அடையாள எண் கொண்ட வில்லை இருந்து, பிடிபடும்போதெல்லாம் அது பதிவானால்தான் நடைமுறையில் செல்லும்.

என் மனத்தை உறுத்துவது இன்னொன்று. சோற்றைப் பையில் முடிந்து தெருமுனையில் வீசுவதும் அபராதத்துக்குரிய குற்றமே. மாட்டுக்காரரிடம் காட்டும் கண்டிப்பை மாநகராட்சி இப்படி வீசுபவரிடமும் காட்ட வேண்டும் என்பதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன்.

மாடு வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அசைபோடுவது குறைந்து, சாணம் சுருங்கி, இடப்பக்க வயிறு அடிக்கடி உப்பினால், எண்ணெய் புகட்டிக் காத்திருக்காமல் அன்றே அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். உடல் தளர்வதற்குள் வந்த மாடுகளே அறுவை சிகிச்சைக்குப் பின் நன்றாகத் தேறுகின்றன.